2000ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம்: கொப்பியில் எழுதியதும் வீட்டுக்கு வந்ததும்

சரசாலையான்:

போன மாதம் கரவெட்டியில் பெரியம்மாவின் வீட்டைத் துப்புரவாக்கப் போனோம். அறைக்குள் இருந்த தகரப் பெட்டியின் அடியில் என்னுடைய எட்டாம் வகுப்புத் தமிழ்க் கொப்பி கிடந்தது. உறை, ரஷ்யச் சஞ்சிகை ஒன்றின் தாள். என் வயதுக்காரருக்கு அந்தத் தாள் ஞாபகம் இருக்கும். வழுவழுப்பாக, தடிப்பாக இருக்கும். தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கினால் உறை போட அதைத்தான் தேடி அலைவோம். என் கொப்பியில் ஒரு விண்வெளி வீரர். தலைக்கவசக் கண்ணாடியில் பூமி நீலமாகத் தெரிகிறது. ஒரு மூலையைக் கரையான் தின்றிருக்கிறது, முகம் தப்பிவிட்டது.

உள்ளே 1989 ஐப்பசியில் எழுதிய கட்டுரை ஒன்று. தலைப்பு "2000ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம்". கொஞ்சம் அப்படியே தருகிறேன்:

"2000ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் ஒருவரும் துலா மிதிக்க மாட்டார்கள். இயந்திர மனிதன் தண்ணீர் இறைத்துப் புகையிலைக்குப் பாய்ச்சுவான். யாழ்தேவி தண்டவாளத்தைத் தொடாமல் ஓடி ஒரு மணித்தியாலத்தில் கொழும்புக்குப் போகும். லண்டன் மாமாவை ரெலிபோனில் பார்த்துக் கதைப்போம். கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்குவோம். விடுமுறைக்குச் சந்திரனுக்குப் போய் வருவோம்."

கீழே வாத்தியார் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: "கற்பனை நன்று. இயந்திர மனிதன் 'பாய்ச்சுவானா', 'பாய்ச்சுமா'? உயர்திணையா அஃறிணையா எனச் சிந்திக்க. 14/20."

எழுதி எட்டு மாதத்தில், 1990 ஆனியில், சண்டை திரும்பத் தொடங்கிக் கரண்ட் போனது. அதே மாதம் யாழ்தேவியும் நின்றது. நான் கனவு கண்ட 2000 வந்தபோது எனக்கு 24 வயது. ஏப்ரல் 22இல் ஆனையிறவு இராணுவ முகாம் விழுந்தது. மே மாதம் தென்மராட்சி முழுக்க ஷெல், சாவகச்சேரி தரைமட்டம். ஐயாவின் மருந்தையும் அரைச் சாக்கு அரிசியையும் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு கப்பூது வெளியால் கரவெட்டிக்கு நடந்தோம். அம்மா எங்கள் சான்றிதழ்களோடு கட்டிய பொதியில்தான் இந்தக் கொப்பியும் வந்திருக்க வேண்டும். ஏன் இதையும் எடுத்தார் என்று கேட்க இப்போது அவர் இல்லை.

கட்டுரையை மூன்று தரம் வாசித்துவிட்டேன். மனம் ஒரு மாதிரி இருக்கிறது. உங்களிடம் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. சின்ன வயதில் உங்களுக்கு என்ன எதிர்காலம் வரும் என்று சொன்னார்கள்? அதில் எது உண்மையிலேயே உங்கள் வீட்டுக்கு வந்தது? வந்தபோது எப்படி இருந்தது?


கொக்குவில் பெடியன்:

அண்ணை, நான் 2004இல் பிறந்தவன். கரண்ட், போன் எல்லாம் நான் கண் திறக்கும்போதே இருந்தது. அதனால் உங்கள் கட்டுரையில் எது கனவு, எது சாதாரணம் என்றே எனக்கு உடனே பிடிபடவில்லை.

ஆனால் 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றபோது அம்மம்மா செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கடையில் மெழுகுதிரி முடிந்துவிட்டது. அம்மம்மா ஒன்றும் கதைக்காமல் குசினிக்குப் போனார். ஜாம் போத்தல் ஒன்றைக் கழுவித் துடைத்தார். அடியில் பஞ்சு வைத்து, பஞ்சு குடிக்கிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டார். பழைய சைக்கிள் ரியூப் வால்வுக்குள் நூல் திரியை நுழைத்து அதற்குள் இறக்கினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. காற்றுக்கு அணையவில்லை, விடியும் வரை எரிந்தது. அவர் கை அதை மறக்கவே இல்லை. நான் போனில் டோர்ச் போட்டு வெளிச்சம் பிடித்துக்கொண்டு நின்றேன், போனில் 9 வீதம்தான் இருந்தது.


காபரேட்டர்:

தம்பி சரசாலை, கட்டுரைக்கு நான் என்றால் 18 போட்டிருப்பேன்.

1969 ஆடியில் சந்திரனில் மனிதன் இறங்கியபோது எனக்கு எட்டு வயது. விடியப்புறம் அப்பா றேடியோவில் கேட்டுவிட்டு எங்களை எழுப்பிச் சொன்னார். அன்று பின்னேரம் முழுக்க கிணற்றுக்கட்டில் இருந்து சந்திரன் வரும் வரை காத்திருந்தேன். எனக்குக் கிடைத்த எதிர்காலம் அதுதான். நான் பெரியவனாகும்போது நானும் போவேன் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை.

போகவில்லை. மோட்டார் சைக்கிள் திருத்துகிறவனாக வந்தேன். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. அந்த ஐந்தாறு வருடத்தில் நான் கற்றது பிறகு முப்பது வருடத்தில் கற்றதை விட அதிகம். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதை இன்றைய பிள்ளைகள் கேள்விப்பட்டிருப்பார்கள், எப்படி ஓடியது என்று ஒருவரும் சொல்வதில்லை. மண்ணெண்ணெய் குளிர் எஞ்சினில் ஆவியாகாது. அதனால் சின்னப் போத்தலில் இரண்டு துளி பெற்றோல் வைத்திருந்து காபரேட்டருக்குள் விட்டு, உதைத்து, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பாரம் ஏறினால் எஞ்சின் 'டக் டக்' என்று அடிக்கும். அதற்கு ஹெட்டுக்குக் கீழே இன்னொரு காஸ்கெட் போட்டு அழுத்தத்தைக் குறைப்போம். எண்ணெய்ப் பசைக்குக் கொஞ்சம் தேங்காயெண்ணெய் கலக்கிறவர்களும் இருந்தார்கள். புகை கண்ணைக் கரிக்கும். ஆனால் வண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்.

பிறகு டைனமோ றேடியோ. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின் சில்லில் டைனமோவை முட்டவிட்டு, பெடலைக் கையால் சுற்றுவோம். டைனமோவில் வருவது ஆறு வோல்ட், அதுவும் ஆடலோட்டம். பழுதான றேடியோவில் கழற்றிய டையோட் நாலு போட்டு நேரோட்டமாக்கி றேடியோவுக்குக் கொடுப்போம். இரவு ஒன்பது மணி தாண்டினால் பிபிசி தமிழோசைக்கு எங்கள் முற்றத்தில் பதினைந்து பேர் இருப்பார்கள். சுற்றுகிறவன் களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரல் மங்கும். கசெற் என்றால் இன்னும் மோசம், பாடுகிறவரின் குரல் இழுபட்டு அழுவது மாதிரிப் போகும். "சுத்தடா, சுத்தடா" என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள்.

இன்றைக்கு என் கடைக்கு வருகிற வண்டிகளில் பாதியை நான் திறக்க முடியாது. கொம்பியூட்டரைச் செருகினால்தான் என்ன பிழை என்றே தெரியும். கம்பெனிக்காரர் முழுப் பெட்டியையும் மாற்றச் சொல்கிறார்கள். எதிர்காலம் வந்தது, உண்மைதான். ஆனால் எங்கள் கைக்கு அதற்குள் இடமில்லை. எனக்கு மனவருத்தம் அதுதான்.


வடலி:

காபரேட்டர் அண்ணை, உங்கள் கை மேல் எனக்கு மரியாதை இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தை இப்படி எழுதும்போது என்னால் வாசிக்க முடியவில்லை. அதைச் சொல்லாமல் போகவும் முடியவில்லை.

என் அப்பாவுக்குச் சலரோகம், இன்சுலின் போட வேண்டும். மருந்து கிடைப்பதே பெரிய பாடு. கிடைத்தாலும் குளிராக வைக்கக் கரண்ட் இல்லை. மண்பானைக்குள் மணல் போட்டு, அதற்குள் சின்னப் பானை வைத்து, ஈரச் சாக்குச் சுற்றி, அதற்குள் மருந்துப் போத்தலை வைத்தோம். சாக்கு காயாமல் மணித்தியாலத்துக்கு ஒரு தரம் தண்ணீர் தெளிப்பது என் வேலை. எனக்கு அப்போது பதினொரு வயது. சித்திரை வெயிலில் ஒரு நாள் விளையாடப் போய் மறந்துவிட்டேன். அன்று அம்மா என்னை அடிக்கவில்லை, போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எனக்குப் பறக்கும் கார் வேண்டியிருக்கவில்லை. எனக்கு எதிர்காலம் என்றால் ஒரு பிரிஜ். அப்பா 1997இல் போய்விட்டார். 2011இல் கிளிநொச்சியில் எங்கள் வீட்டைத் திரும்பக் கட்டியபோது கட்டில் வாங்கும் முன்னர் பிரிஜ் வாங்கினேன். முதல் நாள் இரவு எழும்பி எழும்பித் திறந்து பார்த்தேன். கதவில் முட்டை வைக்கிற குழிகள் இருக்கும் அல்லவா, அதற்குள் அந்த மருந்துப் போத்தல் நிற்கும் என்று நினைத்தேன்.

அந்த நாட்களில் நாங்கள் கெட்டிக்காரராக இருந்தது வேறு வழி இல்லாததால். அதற்காக அந்த நாட்களைப் பெருமையாகச் சொல்லாதீர்கள் அண்ணை.


காபரேட்டர்:

தங்கச்சி, நீங்கள் சொல்வது சரி. நான் எழுதியதில் ஆஸ்பத்திரிக்குப் போன வண்டியைச் சொன்னேன், போய்ச் சேர்ந்தும் அங்கே மருந்து இல்லாமல் திரும்பி வந்த வண்டியைச் சொல்லவில்லை. அப்படியும் நடந்தது.


சரசாலையான்:

வடலி, நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை.

தடைக்காலத்தை ஒருவரும் திரும்பக் கேட்கவில்லை. நான் ஏங்குவது அதற்கு முந்தி, அந்தக் கட்டுரையை எழுதிய அரை மணித்தியாலத்துக்கு. அந்த நேரம் ஊரில் இந்திய இராணுவம் நின்றது, பயம் இல்லாமல் இருக்கவில்லை. இருந்தும் 2000 வரும், அது நல்லதாக இருக்கும் என்று பதின்மூன்று வயதில் முழுதாக நம்பினேன். பக்கத்து மேசையில் இருந்தவன் கட்டுரைக்கு அருகில் ஒரு ராக்கெட் கீறித் தந்தான், பென்சிலால், புகை வளையம் வளையமாக. 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு அவன் எங்கே என்று எனக்குத் தெரியாது. ராக்கெட் அப்படியே இருக்கிறது.

ரயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. 24 வருடம். அடுத்த நாள் என் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன், அவனுக்கு ஏழு வயது. மேடையில் பெரிய பெரிய ஆட்கள் பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 1990க்குப் பிறகு பிறந்து ஊரை விட்டுப் போகாத பிள்ளைகள் ரயிலைப் படத்தில்தான் கண்டிருந்தார்கள். யோசித்துப் பாருங்கள். 1905இல் கொழும்பில் இருந்து எங்கள் பூட்டன்மாருக்கு வந்த ரயில், என் மகனுக்குப் புதிதாய்க் கண்டுபிடித்த ஒன்றைப் போல வந்தது. தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டுதான் ஓடியது, கொழும்புக்கு ஒரு மணித்தியாலத்தில் போகவும் இல்லை. ஆனால் அது ஊதியபோது என் நெஞ்சு அடைத்தது. கட்டுரையில் எழுதிய ரயில் வந்திருந்தால்கூட நான் இவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.


தூரத்துப் படலை:

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். உங்கள் கட்டுரையில் "மாமாவை ரெலிபோனில் பார்த்துக் கதைப்போம்" என்ற வரியில் நின்றுவிட்டேன்.

படம் தெரிகிற ரெலிபோனை 1964இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் அமெரிக்கக் கம்பெனி ஒன்று காட்டியது. மூன்று நிமிடம் கதைக்க 16 முதல் 27 டொலர் வரை. ஆட்கள் அதை ஏற்கவில்லை. விலை ஒரு காரணம். முகத்தைக் காட்டிக் கதைக்கிற தேவை அவர்களுக்கு அவ்வளவாக இருக்கவில்லை என்பது இன்னொரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். பிள்ளை ஒரு நாட்டில், தாய் ஒரு நாட்டில் என்று சிதறிய எங்களைப் போன்ற சனத்துக்கு அந்தத் தேவை இருந்தது.

2016 ஆடியில் அம்மா யாழ்ப்பாணத்தில் காலமானார். எனக்குக் குழந்தை பிறந்து ஒன்பது நாள். போக முடியாது. அங்கே காலை பத்து மணிக்குக் கிரியை, இங்கே இரவு பன்னிரண்டரை. மச்சான் போனைக் கையில் பிடித்து வீடியோ கோலில் எல்லாவற்றையும் காட்டினார். பந்தல், பறைச் சத்தம், அம்மாவின் முகம். சுண்ணம் இடிக்கத் தொடங்கும்போது படம் நின்றுவிட்டது. திருப்பொற்சுண்ணம் பாடுகிற குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது, திரையில் பெரியக்காவின் கை உலக்கையைத் தூக்கியபடி அப்படியே. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தக் கை இறங்கவே இல்லை. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு படம் வந்தது. மச்சான் போனை அணைக்க மறந்து அப்படியே மயானத்துக்குப் போய்விட்டார். ஊரில் பெண்கள் ஒழுங்கை முடக்கோடு நிற்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். என் அக்காமார் மூன்று பேரும் அங்கே நின்றார்கள். பிள்ளைகளில் பெண்ணாய்ப் பிறந்து அம்மாவுக்குக் கொள்ளி வைத்ததைக் கண்டவள் நான் ஒருத்திதான், பதின்மூவாயிரம் கிலோமீற்றருக்கு இந்தப் பக்கம் இருந்து. அக்காமார் இன்றைக்கும் என்னிடம் கேட்பார்கள், "எப்படி எரிந்தது, கெதியாய்ப் பிடித்ததா" என்று. நான் சொல்வேன்.

நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்காதீர்கள். அந்தப் போன் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று மட்டும் எனக்குத் தெரியும்.


கொக்குவில் பெடியன்:

அக்கா, வாசித்தேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.


வெண்கட்டி:

பிள்ளை, உங்கள் தாயாரின் ஆன்மா சாந்தியடையட்டும்.

நான் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை. நீங்கள் மயானத்தைக் கண்ட அந்தத் தொடர்பாடல் கனவின் ஒரு பெரும் பங்கு எங்கள் தீவில் வாழ்ந்த ஒருவருடையது. ஆர்தர் சி. கிளார்க் 1945இல் ஒரு கட்டுரை எழுதினார். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை நிறுத்தினால், அது பூமி சுற்றும் அதே வேகத்தில் சுற்றும், ஆகவே எங்களுக்கு ஒரே இடத்தில் நிற்பது போல் இருக்கும், அப்படி மூன்று இருந்தால் உலகம் முழுக்கப் பேசலாம் என்றார். 1956 முதல் அவர் இலங்கையில்தான் இருந்தார், 2008இல் கொழும்பில் காலமானார். நான் வகுப்பில் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, சுற்றி மூன்று புள்ளி வைத்து இதைப் படிப்பிப்பேன். 1993இலும் படிப்பித்தேன். அந்த ஆண்டு ஜேர்மனியில் இருந்த என் தம்பியின் கடிதம் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் வந்து சேர நான்கு மாதம் ஆனது. வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள், "ரீச்சர், அந்த மூன்று புள்ளியும் எங்கட வானத்திலயும் நிக்குதா?" நிற்கிறது என்றேன். "அப்ப ஏன் எங்களால கதைக்கேலாது?" என்றாள். அதற்கு என்னிடம் விஞ்ஞானத்தில் பதில் இருக்கவில்லை.

எனக்கு வந்து சேர்ந்த எதிர்காலத்தையும் சொல்கிறேன். 1981இல் எங்கள் பொது நூலகம் எரிந்தபோது 97,000 புத்தகங்கள் போயின. அதற்குப் பிறகு பழைய சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள் எல்லாம் அழிந்தவைதான் என்று மனதை ஆற்றிக்கொண்டேன். 2005இல் சில இளைஞர்கள் 'நூலகம்' என்று ஒரு மின்னூலகம் தொடங்கினார்கள். யார் யார் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது என்று தேடி, தாள் தாளாக ஸ்கான் பண்ணி ஏற்றினார்கள். மூன்று வருடத்துக்கு முன்னர் கண்ணில் புரை வெட்டிய பிறகு பேரன் தந்த டப்லெட்டில் அதைத் துழாவிக்கொண்டிருந்தேன். 1950களின் பாடசாலை மலர் ஒன்றில் என் தகப்பனாரின் பெயர். பனையோலைத் தொழில் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார். அப்படி அவர் எழுதினார் என்பதே எங்களுக்குத் தெரியாது. இரண்டு விரலால் எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வாசித்தேன். அவருடைய வசனம் அவர் கதைப்பது போலவே இருந்தது.

சரசாலைத் தம்பி, உங்கள் கொப்பியையும் ஸ்கான் பண்ணுங்கள். ராக்கெட்டோடு சேர்த்து.


கிணற்றடி:

புன்னாலைக்கட்டுவனில் தோட்டம் செய்கிறேன், வயது 71. துலா மிதித்தவன் நான். ஒருவர் மேலே ஏறி நடக்க, ஒருவர் கீழே பட்டை பிடிக்க, பிள்ளைகள் பாத்தியில் தண்ணீர் மாறுவார்கள். விடிய நாலு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறும்போது கால் மரத்துவிடும். அதனால் "ஒருவரும் துலா மிதிக்க மாட்டார்கள்" என்று பதின்மூன்று வயதுப் பிள்ளை எழுதியதை நான் கும்பிடுகிறேன். மண்ணெண்ணெய் மெசின் வந்தது, தடைக்காலத்தில் எண்ணெய் இல்லாமல் திரும்பத் துலாவுக்குப் போனோம், பிறகு கரண்ட் மோட்டர். இப்போது மகன் சுவிசில் இருந்து போனில் அமத்தினால் இங்கே மோட்டர் ஓடும். நீங்கள் எழுதிய இயந்திர மனிதன் அதுதான்.

ஆனால் கிணற்றுக்குள் இருப்பது இயந்திரம் இல்லையே. எங்களுக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கையாறு மழைக்கு மட்டும். மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே எண்ணெய் மிதப்பது போல நல்ல தண்ணீராக மிதக்கிறது. அளவோடு இறைத்தால் அது நிற்கும். மட்டுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கிற சவர் மேலே வரும். துலாவால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் இறைக்கலாம், அதற்கு மேல் எங்கள் காலும் விடாது. மோட்டருக்குக் கால் இல்லை. அதோடு யூரியாவும் பசளையும் கல்லுக்குள்ளால் இறங்கித் தண்ணீரில் நைத்திரேற் ஏறிவிட்டது. என் தகப்பன் கையால் அள்ளிக் குடித்த கிணற்றில் என் பேரப்பிள்ளைக்குப் பால் கரைக்க மருமகள் விடமாட்டாள். போத்தல் தண்ணீர்தான். அவளைப் பிழை சொல்ல மாட்டேன்.

இப்போது தாளையடியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்குகிறார்கள். 2024இல் திறந்தார்கள், நாளுக்கு 24,000 கனமீற்றர் என்று கணக்கு. தம்பியின் கட்டுரையில் அதுவும் இருக்கிறது. பலித்துவிட்டது, சந்தோசம். ஆனால் அந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளை கடல் தண்ணீரைக் குடிக்க ஆசைப்பட்டபோது கிணற்றுத் தண்ணீரும் இருக்கும் என்று நினைத்துத்தானே எழுதியிருப்பான்? கிணற்றை விட்டுவிட்டுக் கடலுக்குப் போவோம் என்று எழுதவில்லையே.

நான் இப்போது ஆறு பரப்பில் மிளகாய்க்குச் சொட்டுநீர் போட்டிருக்கிறேன். மோட்டர் முந்தி ஓடியதில் பாதி நேரம்கூட ஓடுவதில்லை. என்னைக் கேட்டால் எதிர்காலம் என்று சொல்லக்கூடிய சாமான் அந்தக் கறுப்புக் குழாய்தான்.


சரசாலையான்:

ஐயா, நீங்கள் கேட்டது என் நெஞ்சில் தைத்தது. இருக்கும் என்றுதான் நினைத்தேன். இருந்ததெல்லாம் இருக்க, அதற்கு மேல் புதிது வரும் என்றுதான் அந்தக் கட்டுரை முழுக்க எழுதியிருக்கிறேன். மாமா, துலா, புகையிலை, யாழ்தேவி, எல்லாம் அப்படியே இருக்கிறது.


வடலி:

பறக்கிற சாமான் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

வானத்தில் பறப்பதெல்லாம் எங்களுக்கு என்ன என்று உங்களுக்குத் தெரியும். சத்தத்தை வைத்து இது ஹெலி, இது சகடை, இது பொம்பர் என்று ஐந்து வயதுப் பிள்ளையே சொல்லும். கடைசிக் காலத்தில் வன்னியில் ஆளில்லாத விமானம் வரும், அதற்கு வண்டு என்று பெயர். வண்டு சுற்றினால் பின்னால் ஷெல் வரும்.

போன ஆவணியில் எங்கள் ஒன்றுவிட்ட தங்கச்சியின் கலியாணம். படம் பிடிக்கிற பெடியள் ட்ரோன் விட்டார்கள். மாப்பிள்ளை அழைத்து வரும்போது அது மண்டபத்துக்கு மேலே இரைந்துகொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த என் மாமி ஒரு சொல்லும் சொல்லாமல் என் தலையை மடிக்குள் அமத்திப் பிடித்துவிட்டார். நாற்பது வயது எனக்கு. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மாமியின் மடிக்குள் இருந்தேன். பெடியனிடம் போய் மெதுவாகச் சொன்னேன், அவன் உடனே இறக்கினான், மாமியின் காலைத் தொட்டான். நல்ல பிள்ளை.

அல்பம் வந்தபோது பார்த்தேன். மேலே இருந்து எடுத்த படம் ஒன்று இருக்கிறது. பனங்கூடல், மண்டபம், சனம், எல்லாம் பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாய் அவ்வளவு வடிவு. மேலே இருந்து பார்த்தால் நாங்கள் இப்படி இருப்போம் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.


கொக்குவில் பெடியன்:

காபரேட்டர் அண்ணை, ஒரு உதவி. அப்பாவின் பழைய சைக்கிள் கோடிப்பக்கம் கிடக்கிறது, டைனமோ இன்னும் சுற்றுகிறது. றேடியோவும் இருக்கிறது, நாலு பற்றரி போடுகிற சாமான். நீங்கள் எழுதியதை வாசித்த நாளில் இருந்து அதைச் செய்து பார்க்க ஆசை. எப்படி இணைப்பது?


காபரேட்டர்:

தம்பி, இது கேட்க எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா.

டைனமோவுக்கு ஒரு வயர் கீழே இருக்கும், மற்றது உடம்புதான், அதாவது சைக்கிள் பிரேம். 4007 டையோட் நாலு வாங்கு. இரண்டு இரண்டாய்ப் பிடித்துப் பிரிட்ஜ் கட்டு, வெள்ளிக் கோடு இருக்கிற பக்கம் பிளஸ். பிரிட்ஜுக்குப் பிறகு 1000 மைக்ரோபரட், 25 வோல்ட் கப்பாசிற்றர் ஒன்று, கால் மாறிப் போடாதே, வெடிக்கும். ஒன்று கவனம்: டைனமோவுக்கு ஆறு வோல்ட் என்று எழுதியிருந்தாலும், பாரம் குறைவாக இருக்கும்போது வேகமாகச் சுற்றினால் வோல்ட் மடமடவென்று ஏறும். றேடியோ புகைந்துவிடும். நாங்கள் அந்தக் காலத்தில் சைக்கிள் லைற்றின் பல்பைக் கழற்றாமல் விட்டுவிடுவோம், அது கூடுதலை இழுத்துக்கொள்ளும். உனக்குக் கடையில் 7806 கிடைக்கும், வோல்ட்டை ஆறுக்கு மேல் ஏற விடாத சாமான், அதைப் போடு. பல்பையும் விடு, வெளிச்சமும் வரும். றேடியோவின் மைனஸ் சைக்கிள் பிரேமில் முட்டக்கூடாது, முட்டினால் பிரிட்ஜ் சரியாக வேலை செய்யாது.

முதலில் மீற்றரில் பார்த்துவிட்டுத்தான் றேடியோவில் கொடு.


கொக்குவில் பெடியன்:

அண்ணை, வேலை செய்கிறது!

முதல் தரம் ஒரு டையோட்டை மாற்றிப் பிடித்துவிட்டேன், சூடாகி மணத்தது. மாற்றினேன். பிறகு மீற்றரில் 5.9. றேடியோவில் கொடுத்ததும் கரகர என்று இரைச்சல், பிறகு ஒரு பாட்டு, பாதியில் இருந்து. நான் சுற்ற, தங்கச்சி ஏரியலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அம்மம்மா குசினிக்குள் இருந்து ஓடி வந்தார். விறாந்தைக் கதிரையில் இருக்காமல், முற்றத்தில் நிலத்தில் வந்து இருந்தார். அவர் நிலத்தில் இருந்து நான் கண்டதில்லை, முழங்கால் வருத்தம். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு என் கையைத் தட்டிவிட்டுப் பெடலைத் தான் பிடித்துச் சுற்றினார். நான் சுற்றும்போது குரல் ஏறி இறங்கியது, அவர் சுற்றும்போது ஒரே சீராக நின்றது.

ஒரு பிரச்சினை. பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் நிற்கிறது, மெதுவாகச் சுற்றினால் கூடுகிறது. கப்பாசிற்றர் காணாதா?


காபரேட்டர்:

காணாது. 2200 போடு. மெதுவாகச் சுற்றும்போது அலை இடைவெளி கூடும், 1000 அதைத் தாங்காது. ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு, பின்னேரம் நான் கொக்குவில் பக்கம் வருவேன், என்னிடம் கழற்றி வைத்தது இருக்கிறது, கொண்டுவருகிறேன். அம்மம்மாவை இருக்கச் சொல்லு.


சரசாலையான்:

நானும் வருகிறேன் அண்ணை. கொப்பியையும் கொண்டுவருகிறேன்.